பழைய சுவருக்குச் சுண்ணாம்புக் காரையா, சிமெண்ட் பூச்சா?

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் பல வருஷம் பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டை வாங்குபவர்கள் முதலில் திணறுவது சுவரில்தான். முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கும்; விரலால் தேய்த்தாலே பூச்சு மாவாக உதிரும்.

செலவு:
சிமெண்ட் மலிவு.
காரைக்குக் கூலி கூடுதல். சுண்ணாம்பை நீர்த்து, புளிக்க விட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்க்க வேண்டும்.

ஆள்:
சிமெண்டுக்குத் தெருவுக்கு ஒரு கொத்தனார் உண்டு.
காரை தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆயுள்:
விஷயமே இங்கேதான். அந்தக் காலத்துச் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்பில் கட்டியது. அடியில் ஈரம் தடுக்கும் பட்டை இருக்காது. வயல் சூழ்ந்த மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறிக்கொண்டே இருக்கும். காரை அந்த ஈரத்தை வெளியே ஆவியாக விடும். சிமெண்ட் உள்ளேயே அடைக்கும். ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு செங்கல்லையே அரிக்கும். சில மழைக்காலம் போனதும் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும், செங்கல்லின் முகமும் அதோடு வந்துவிடும். பார்க்கவே மனசு கேட்காது.

காரைக்கு மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் மட்டும் வேண்டாம். வெள்ளையடியுங்கள்.

நேரம்:
சிமெண்டுக்கு ஒரு வாரம் தண்ணீர் விட்டால் போதும்.
காரை மெல்லத்தான் இறுகும். தை பிறந்ததும் தொடங்குங்கள்.

சரி, எது யாருக்கு? பழைய செங்கல் சுவருக்குக் காரைதான். புதிதாக எழுப்பும் குளியலறைக்குச் சிமெண்ட். கையில் பணம் குறைவென்றால், தரையிலிருந்து நாலடிக்காவது காரை பூசிவிட்டு மிச்சத்தை அடுத்த வருஷம் பாருங்கள்.