கல்யாண டிவிடியை எம்பி4 ஆக்க ஹேண்ட்பிரேக்

பழைய கல்யாண டிவிடிகளை எம்பி4 ஆக்க யார் கேட்டாலும் நான் ஹேண்ட்பிரேக்கைத்தான் சொல்கிறேன். 2003-இல் எரிக் பெட்டி என்பவர் தொடங்கிய மென்பொருள் இது. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக ஓடுகிறது. விளம்பரம் கிடையாது, படத்தின் மேல் முத்திரை குத்தாது, பாதியில் நிறுத்திப் பணம் கேட்காது. ஆன்லைனில் மாற்றித் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் குடும்பத்துப் பெண்களும் குழந்தைகளும் இருக்கும் வீடியோவை முகம் தெரியாத சர்வரில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

நான் மாற்றியது அக்காவின் கல்யாண டிவிடி. ஸ்டூடியோவில் எழுதிக் கொடுக்கும் டிவிடியில் வீடியோ டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் படம் ஏறக்குறைய 1 ஜிபி அளவுள்ள விஓபி கோப்புகளாகத் துண்டு போட்டிருக்கும். துண்டு துண்டாக மாற்றினால் நாதஸ்வரம் நடுவில் அறுந்துபோகும். ஹேண்ட்பிரேக்கிடம் அந்த ஃபோல்டரையே கொடுத்துவிடுங்கள். முழுப் படத்தையும் ஒரே டைட்டிலாகக் காட்டும்.

அடுத்ததுதான் முக்கியம். நம்மூர் டிவிடி பால் (PAL) என்ற பழைய டிவி முறையில் இருக்கும்: படத்தின் அளவு 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப் படங்கள். அந்தக் காலத்து வீடியோ கேமரா ஒவ்வொரு பிரேமையும் இரண்டு பாதியாக எடுத்தது. வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக முதலில் ஒரு பாதி, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து மீதிப் பாதி. பழைய டப்பா டிவியில் இது தெரியாது. கம்ப்யூட்டரில் பார்த்தால் அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். மாப்பிள்ளை தாலி கட்டக் கையைத் தூக்கினால் விரல் எது, கோடு எது என்று புரியாது. பல கடைகளில் இதைக் கவனிக்காமலே மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். கோடு கோப்பிலேயே பதிந்துவிட்டால் அப்புறம் எடுப்பது பெரும்பாடு.

ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர்ஸ் பகுதிக்குப் போய், இந்தக் கோடுகளை நீக்கும் டீகோம்ப் (Decomb) தேர்ந்தெடுங்கள். அதற்குள் பாப் (Bob) என்ற அமைப்பை வையுங்கள். அது ஒவ்வொரு பாதியையும் ஒரு முழு பிரேமாக்கும். பிரேம் வேகத்தை 50 ஆக்குங்கள். இதை 25-இலேயே விட்டால் கோடு போகும், ஆனால் அசைவில் பாதியும் சேர்ந்து போய்விடும். 50 வைத்ததும் மேளக்காரரின் கை, அட்சதை விழுவது, மண்டபத்தில் ஓடும் குழந்தைகள் எல்லாம் அன்று கேமரா எடுத்த அதே ஓட்டத்தோடு வந்தன. அம்மாவுக்கு வித்தியாசம் உடனே தெரிந்தது.

தரத்துக்கு ஆர்எஃப் என்று ஒரு எண் இருக்கிறது. எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். டிவிடி அளவுப் படத்துக்கு ஹேண்ட்பிரேக் குழுவே சொல்வது 18 முதல் 22 வரை. நான் 18 வைத்தேன். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இன்னும் கஞ்சத்தனம் காட்டினால் முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும். வீடியோவைச் சுருக்கும் முறைகளில் புதிதான ஹெச்.265 இடத்தை மிச்சப்படுத்தும், சரி. ஆனால் பழைய டிவிகள் பலவற்றில் ஓடாது. பென் டிரைவில் போட்டு எல்லா வீட்டுக்கும் கொடுப்பதாக இருந்தால் அதற்கு முந்தைய ஹெச்.264 போதும். 576 வரி உயரமுள்ள படத்தை 1080 வரிக்குப் பெரிதாக்கவும் வேண்டாம். இல்லாத விவரம் எங்கிருந்து வரும்?

பதிவிறக்கம் மட்டும் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து செய்யுங்கள். 2017 மே மாதம் அவர்களின் பதிவிறக்க சர்வர் ஒன்றுக்குள் யாரோ புகுந்து, மேக் பதிப்புக்குப் பதிலாக வைரஸ் கலந்ததை வைத்துவிட்டார்கள். ஹேண்ட்பிரேக் குழுவே அதை வெளிப்படையாக அறிவித்தது. எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியது.

கடையில் வாங்கிய சினிமா டிவிடியின் பூட்டை இது உடைக்காது. எம்கேவி (எம்பி4 போன்ற இன்னொரு வீடியோ கோப்பு வகை) கோப்பை எம்பி4 ஆக்க மட்டும் இது வேண்டாம். ஹேண்ட்பிரேக் எதைக் கொடுத்தாலும் படத்தை முதலிலிருந்து மறுபடி சுருக்கும். நேரமும் போகும், தரமும் கொஞ்சம் போகும். உள்ளே இருப்பது ஏற்கெனவே ஹெச்.264 என்றால் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இன்னொரு இலவச மென்பொருளில் காப்பி முறையைப் பயன்படுத்துங்கள். உள்ளே இருக்கும் படத்தைத் தொடாமல், கோப்பு வகை என்ற உறையை மட்டும் மாற்றி சீக்கிரமே முடித்துவிடும்.