மாத்திரை நான்கு வருடம், ஊசி ஒன்றேகால் வருடம்: என்னிடம் யாரும் கேட்காத ஒரு கேள்வி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கருத்தடை மாத்திரை பக்கமே போகாதீர்கள் என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. நான்கு வருடம் அது எனக்கு நன்றாகவே வேலை செய்தது. மாதவிடாயின் முதல் இரண்டு நாள் சுருண்டு படுத்துக் கிடந்தவள், மூன்றாவது அட்டை முடிவதற்குள் எழுந்து வேலைக்குப் போக ஆரம்பித்தேன். நாள் தள்ளிப்போனால் வரும் பதைபதைப்பு போனது, அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். என் கோபம் மாத்திரையின் மேல் இல்லை. அது என் கைக்கு வந்த விதத்தின் மேல்.

டாக்டர் முன்னால் நான் உட்கார்ந்தது மொத்தம் ஐந்து நிமிடம் கூட இருக்காது. கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது, குழந்தை இப்போதைக்கு வேண்டாமா, அவ்வளவுதான் கேள்வி. பிரஷர் பார்க்கவில்லை. வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைந்து கட்டிப்போனது உண்டா, புகைபிடிப்பேனா, தலைவலி வருமா, எதுவும் கேட்கவில்லை. "வேற ஏதாவது பண்ணுமா டாக்டர்?" என்று நானாகத்தான் கேட்டேன். "கொஞ்சம் குமட்டும், போகப்போகச் சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலுக்குப் பெயர் சம்மதமா என்று இன்று யோசிக்கிறேன்.

குமட்டல் வந்தது, மார்பு கனத்து வலித்தது, அட்டையின் நடுவிலேயே திட்டுத்திட்டாக ரத்தம் பட்டது. முதல் மூன்று மாதம் இது பலருக்கும் வரும், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். அதை ஒரு வரி சொல்லியிருந்தால் உள்ளே ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று ராத்திரி தூங்காமல் கிடந்திருக்க மாட்டேன். அதேபோல 21 மாத்திரை முடிந்து ஏழு நாள் இடைவெளியில் வரும் ரத்தம் வழக்கமான மாதவிடாய் இல்லை, ஹார்மோன் நின்றதால் கருப்பையின் உள்வரி உதிர்வது மட்டும்தான் என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. தலைவலிக்கு வருகிறேன்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை எனக்கு ஒரு விசித்திரமான தொந்தரவு உண்டு. படித்துக்கொண்டே இருப்பேன், வரியின் நடுவில் ஒரு எழுத்து மட்டும் காணாமல் போகும். அந்த இடத்தில் சின்னதாக ஒரு மினுக்கம். அது மெல்ல விரிந்து, ரம்பப் பல் மாதிரி ஓரம் கொண்ட பிறையாகி, பார்வையின் ஒரு பக்கம் முழுக்க நெளியும். கண்ணை மூடினாலும் தெரியும். இருபது நிமிடத்தில் மறைந்துவிடும், அப்புறம் ஒரு பக்கத் தலைவலி. கண் அசதி என்றுதான் நினைத்திருந்தேன். மாத்திரை ஆரம்பித்தபின் அது மாதத்துக்கு இரண்டு முறை வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வதால் என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றினேன்.

நான்காவது வருடம் வேறொரு டாக்டரிடம் தலைவலிக்காகவே போனபோது அவர் முதலில் கேட்டது, "வலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது தெரியுமாம்மா?" சொன்னேன். அடுத்து, "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" அதையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த மாதிரி முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலைவலி இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கருத்தடையை எடுக்கவே கூடாது. என் மாத்திரை அந்த வகைதான். மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டுப் பக்கவாதம் வரும் ஆபத்து கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறையில் இது நான்காம் வகை, அதாவது எந்த வயதானாலும் கொடுக்கக் கூடாது என்ற கட்டம். ஒரே ஒரு கேள்வியில் தெரிந்திருக்க வேண்டியது, நான்கு வருடம் கேட்கப்படவே இல்லை.

அன்று ராத்திரி மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்துப் பிரித்தேன். வெங்காயச் சருகு போல மெல்லிய தாள், எட்டாக மடித்தது, பொடி எழுத்து. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. அதில் இருந்தது. தெளிவாகவே இருந்தது. மாதம் ஒன்றாக ஐம்பது தாள்களையாவது பிரிக்காமலே குப்பையில் போட்டிருப்பேன். தாளில் அச்சாகியிருந்ததால் எனக்குச் சொல்லியாகிவிட்டது என்று ஆகிவிடுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன்.

அந்தத் தாளும் சும்மா வந்துவிடவில்லை. 1956-ல் அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் கருத்தடை மாத்திரையின் முதல் பெரிய சோதனை நடந்தபோது, இது சோதனையில் இருக்கும் மருந்து என்பதே அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. நூற்றில் 17 பேருக்குக் குமட்டல், தலைச்சுற்றல், வாந்தி என்று அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் எடிரிஸ் ரைஸ்-ரே எழுதிக் கொடுத்தும் 1960-ல் அமெரிக்காவில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 1970-ல் அமெரிக்க செனட் விசாரணையில் மாத்திரையின் ஆபத்துகளைப் பற்றிப் பேச வந்த நிபுணர்கள் நடுவே அதைச் சாப்பிட்ட பெண் ஒருத்தியைக் கூடச் சாட்சியாகக் கூப்பிடவில்லை. பெண்கள் எழுந்து குரல் கொடுத்தார்கள், அதற்கப்புறம்தான் தாள் பெட்டிக்குள் வந்தது. அந்தக் காலத்து மாத்திரையில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன், இன்று பெரும்பாலானவற்றில் 20 முதல் 35. மருந்து எவ்வளவோ மாறிவிட்டது, எனக்குக் கிடைத்த ஐந்து நிமிடம் மட்டும் அந்தக் காலத்ததாகவே இருந்தது.

ரத்தக்கட்டி, அதாவது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது பற்றியும் சொல்லியாக வேண்டும். மாத்திரை எடுக்காத, கர்ப்பமாகவும் இல்லாத 10,000 பெண்களில் வருடத்துக்கு 2 பேருக்கு வருகிறது. ஈஸ்ட்ரோஜனோடு லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற இன்னொரு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை என்றால் 5 முதல் 7 பேர். அதற்குப் பதிலாக ட்ரோஸ்பைரினோன் சேர்ந்த, நான் எடுத்த வகையில் 9 முதல் 12 பேர். இது ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் சொன்ன கணக்கு. சின்ன எண்தான், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் இதைவிட அதிகம். அந்தத் தலைவலி மட்டும் இல்லாதிருந்தால், இந்த எண்களைச் சொல்லிக் கேட்டிருந்தாலும் மாத்திரை வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனால் லெவோநார்ஜெஸ்ட்ரல் வகையைக் கேட்டு வாங்கியிருப்பேன். இன்னொன்று, ஆபத்து அதிகம் இருப்பது முதல் சில மாதங்களில், நான்கு வாரமோ அதற்கு மேலோ விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாலும் அதே நிலைமை திரும்ப வரும். நான் நடுவில் "உடம்புக்கு ஓய்வு" என்று நானாகவே ஆறு வாரம் நிறுத்தி ஆரம்பித்தேன்.

சரி, மாத்திரையை விட்டதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிக்கு மாறினேன். ஈஸ்ட்ரோஜன் இல்லாதது. ஐந்து ஊசி. கண்ணில் பிறை வருவது பழையபடி அபூர்வமாகிவிட்டது. ஆனால் எனக்குள் ஏதோ அணைந்து போனது. அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அக்கா போனில் பேசினால் எப்போது வைப்பாள் என்று இருக்கும். மாத்திரை என்றால் நாளைக்கே நிறுத்தலாம், ஊசியைப் போட்டபின் எடுக்க முடியாது, காத்திருக்க மட்டும்தான் முடியும். இதைப் போடுவதற்கு முன் யாராவது நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். ஊசி போட்டவர்களிடம் சொன்னபோது "எல்லாம் மனசுதான்" என்றார்கள். டென்மார்க்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2016-ல் வந்த ஆய்வில், ஹார்மோன் கருத்தடை எடுத்தவர்கள் முதன்முறையாக மனச்சோர்வு மருந்து தொடங்குவது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது, அதிலும் பதின்ம வயதில் இன்னும் அதிகம். ஹார்மோன்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, பெரும்பாலானோருக்கு எதுவும் ஆவதும் இல்லை. ஆனாலும் ஒருத்தி வந்து சொன்னால் காது கொடுத்துக் கேட்க அது போதுமான காரணம். எலும்பின் அடர்த்தி குறையலாம், நிறுத்தினாலும் கரு தங்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. எனக்கு மாதவிடாய் திரும்ப ஒன்பது மாதம் ஆனது.

இப்போது கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி வைத்து ஏறக்குறைய ஒரு வருடம். இதைப் போட்ட டாக்டர் இருபது நிமிடம் உட்கார்ந்து பேசினார். ரத்தப்போக்கும் வலியும் கூடும், குறிப்பாக முதல் சில மாதம். தானாக வெளியே வந்துவிட வாய்ப்பு உண்டு. மிக அபூர்வமாகக் கருப்பைச் சுவரில் துளை விழலாம். பிடிக்கவில்லை என்றால் எந்த நாளும் வந்து எடுத்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் சொல்லிவிட்டு, "இப்ப நான் சொன்னதை உங்க வார்த்தையில எனக்குச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். துளை விழுவதை மட்டும் விட்டுவிட்டேன், அதைத் திரும்ப விளக்கினார். அப்புறம்தான் கையெழுத்துக்குத் தாளை நகர்த்தினார்.

பழைய வலி திரும்பிவிட்டது, முதல் இரண்டு நாள் மறுபடியும் சுருண்டுதான் படுக்கிறேன். ஆனால் ஒரு ராத்திரி கூடப் பயந்து விழித்திருக்கவில்லை. அடுத்த மாதம் பரிசோதனைக்குப் போகிறேன், வலி குறையாவிட்டால் எடுத்துவிடலாமா என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.