தர்பூசணியா, பப்பாளியா, பரங்கியா? வீட்டோடு உட்கார்ந்து செதுக்க எது வாகு

போன வைகாசியில் அப்பச்சியின் (அப்பாவின்) சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம், செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டில் நடந்தது. சமையல், பந்தல், மேளம் எல்லாவற்றுக்கும் வெளியாள் சொல்லியாயிற்று. முகப்பில் வைக்கிற பழ அலங்காரத்தை மட்டும் நாமே செய்தால் என்ன என்று அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) ஒரு பேச்சுக்குச் சொல்ல, பிள்ளைகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கோடை லீவு; வீட்டில் ஒன்பது பிள்ளைகள். அவர்களை வளவு என்கிற உள்முற்றத்தில் ஓரிடத்தில் உட்கார வைக்க ஏதாவது ஒரு வேலை எங்களுக்கும் தேவைப்பட்டது.

எதில் செதுக்குவது என்பதில்தான் சண்டை. அண்ணனுக்குத் தர்பூசணி. அண்ணமிண்டிக்குப் பப்பாளி. சின்ன அயித்தை, "பரங்கிக்காய்தான் வாடாது, அதை வையுங்கள்" என்றார்கள். பேசித் தீரவில்லை. கல்யாணத்துக்கு முந்தின பத்து நாளில் மூன்றையும் வாங்கி, வளவில் சாக்கை விரித்து, செதுக்கியே பார்த்துவிட்டோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பார்வைக்குத் தர்பூசணிக்கு நிகர் கிடையாது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பச்சைத் தோல், அதற்கடியில் வெள்ளை, அப்புறம் இளஞ்சிவப்பு, உள்ளே போனால் நல்ல சிவப்பு. கத்தியைச் சாய்த்துப் பிடித்தால் இந்த நிறம் அத்தனையும் ஓர் இதழிலேயே வந்து விழும். வேறு எந்தப் பழமும் இதைச் சும்மா கொடுக்காது. பூ வெட்ட வேண்டும் என்றால் ஒரு பக்கத்துப் பச்சைத் தோலை மட்டும் மெல்லச் சீவி, நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய வட்டம் போட்டு, அதைச் சுற்றிச் சாய்வாக வெட்டி எடுக்க வேண்டும். அந்த மொட்டைச் சுற்றி இதழ். ஓர் இதழின் விளிம்பை வெட்டியதும் அதன் பின்பக்கத்துச் சதையை ஒரு துண்டு எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் இதழ் தனியாக எழுந்து நிற்கும். அடுத்த வரிசை இதழ், முதல் வரிசையின் இரண்டு இதழுக்கு நடுவில் வர வேண்டும். சூட்சுமம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

செதுக்குவதற்கு நன்றாகப் பழுத்த பழம் ஆகாது என்பது முதல் பழத்தில் தெரிந்தது. தின்பதற்குத் தேனாக இருந்தது, இதழ்தான் மணல்மணலாக உதிர்ந்தது. வெள்ளைப் பகுதி தடியாக உள்ள, கொஞ்சம் முதிராத காயாகப் பார்த்து வாங்க வேண்டும். அடியில் தட்டையாக ஒரு சீவு சீவினால்தான் உருளாமல் நிற்கும். அந்தச் சீவு சிவப்பைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் ராத்திரி முழுக்கச் சொட்டும். நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர் உள்ள பழம், வேறென்ன செய்யும்?

சரி, இதில் என்ன குறை? ஒரே குறைதான், ஆனால் பெரிய குறை. தர்பூசணி ஓராள் பழம். ஒருவர் மடியில் வைத்துச் செதுக்கினால் இன்னொருவர் கைவைக்க இடமில்லை. அண்ணன் இரண்டு மணி நேரம் செதுக்கினான். பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் சுற்றி நின்று பார்த்தார்கள், அடுத்த பத்து நிமிடம் யோசனை சொன்னார்கள், அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்து ஓடிவிட்டன. மிச்சம் இருந்தது அண்ணனும், அவனுக்குக் காப்பி கொடுக்க நானும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஓர் இதழ் ஒடிந்தது. ஒடிந்ததை ஒட்ட முடியாது. பூவின் ஒரு பக்கம் மூளியாகவே நின்றது, அண்ணன் முகமும் அப்படியே.

பிள்ளைகளுக்குத் தர்பூசணியில் இடம் உண்டென்றால் அது தோல் கீறலில்தான். பச்சையை மேலாகச் சுரண்டினால் வெள்ளைக் கோடு விழும். வரவேற்புகளில் மாப்பிள்ளை பெண் பெயரும் முகமும் செதுக்கி வைக்கிறார்களே, அது பெரும்பாலும் இந்த வேலைதான். பிளஸ் டூ படிக்கிற மருமகன் பட்டாலைக் கூடத்தில் பதித்த ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பார்த்து, அந்தப் பூக்கட்டத்தை அப்படியே பழத்தில் கீறினான். கீறும்போது கோடு கோணினால் அந்த இடத்தை இலையாக்கிவிடலாம் என்பதும் அவனே கண்டுபிடித்தது. மூன்று ஒத்திகையிலும் என் கண்ணுக்கு நிறைந்த ஒரே தர்பூசணி அதுதான்.

பப்பாளிக்கு வருகிறேன். பழுத்தது கையில் குழையும், பச்சைக் காய் ஒரே வெள்ளை. நமக்கு வேண்டியது செங்காய். அடியில் லேசாக மஞ்சள் கீற்று ஓடியிருக்க வேண்டும், அழுத்தினால் விரல் பதியக் கூடாது. சந்தையில் எப்போதும் கிடைக்காது, பழக்கப்பட்ட கடையில் இரண்டு நாள் முன்னால் சொல்லி வைத்தால் எடுத்துத் தருவார்கள். உள்ளே வெட்டினால் தோலோரம் வெளிர்மஞ்சள், போகப் போக ஆரஞ்சு. தர்பூசணி அளவுக்கு இல்லையென்றாலும், விளக்கு வெளிச்சத்தில் அந்த நிறம் ஒரு தனி அழகு.

இதன் பெரிய சௌகரியம், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி கொடுத்துவிடலாம். நாலு பப்பாளி, எட்டுப் பேருக்கு வேலை. அண்ணமிண்டி ரோஜா வெட்டினார், நான் தாமரை இதழாகச் சீவினேன், பெரிய பிள்ளைகள் இலை வெட்டினார்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ளதுகளுக்குக் கத்தியே கொடுக்கவில்லை. சீவிப் போட்ட பட்டைகளில் பிஸ்கட் அச்சை அழுத்தி நட்சத்திரமும் பூவும் எடுத்துக் குவித்தார்கள். ஒருவருடைய இதழ் ஒடிந்தால் அந்தத் துண்டைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தால் போயிற்று, யாருடைய இரண்டு மணி நேரமும் வீணாகவில்லை. உள்ளிருக்கும் கறுப்பு விதையைக் கூட விடவில்லை. பப்பாளித் துண்டில் குருவி செய்த ஒரு வாண்டு அதற்குக் கண் வைத்தது.

பால்தான் தொல்லை. செங்காயில் தோலைச் சீவினவுடனே வெள்ளையாகக் கசியும். கறி மெத்தென்று வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதே பால்தான். கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். தோலைச் சீவியதும் தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் ஆற விட்டுப் பிறகு கத்தி வைத்தால் பிரச்சினை பாதியாகிவிடும். மெல்லிய தோலுள்ளவர்கள் கையுறை போட்டுக்கொள்ளலாம். எனக்கு அரித்தது, பிள்ளைகளில் ஒருத்திக்கும் அரித்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

பரங்கிக்கு எதிராக எனக்குச் சொந்தப் பகை எதுவும் இல்லை. வாடாது என்று சின்ன அயித்தை சொன்னது மெய்தான். முதல் நாள் மாலை செதுக்கியது, மறுநாள் ராத்திரி வரை ஈரத்துணிக்குள் அப்படியே இருந்தது. மற்ற இரண்டும் அந்த வெயிலில் பாதி நேரம்கூடத் தாங்காது. ஆனால் அதைத் திறப்பதற்கே ஒரு சடங்கு. முழுப் பரங்கியைப் பெண்கள் முதலில் வெட்டக் கூடாது, ஆண்பிள்ளை ஒரு கீறு போட்டுத் தர வேண்டும் என்பது எங்கள் அப்பத்தா காலத்துப் பழக்கம். அண்ணன் அரிவாளோடு வந்து ஒரே ஒரு போடு போட்டுவிட்டு, அன்று முழுக்கத் தானும் செதுக்கினதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அதற்குப் பிறகும் கல் மாதிரி. சின்னக் கத்தி இறங்கவில்லை, அழுத்தினால் சறுக்குகிறது. செதுக்கல் வேலையில் கையை வெட்டிக்கொள்வது கத்தி கூராக இருப்பதால் அல்ல, இப்படி அழுத்துவதால்தான். பிள்ளைகளைக் கிட்டே விடவே முடியாது. இன்னொன்று, எங்கள் வீட்டில் யாரோ ஒருவர் வெண்பூசணியிலும் செய்யலாமே என்று வாயெடுத்தார். திருஷ்டிக்கு உடைக்கிறதைக் கொண்டுவந்து மணவறைக்கு எதிரே வைப்பதா என்று பெரியவர்கள் ஒரு சத்தம் போட்டதில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

அன்னாசி, காரட், பீட்ரூட்டும் பார்த்தோம். அன்னாசியின் கண்கள் சுருள்சுருளாக ஓடுவதால் அந்தச் சாய்வுக் கோட்டிலேயே வாய்க்கால் மாதிரி வெட்டிக்கொண்டு போனால் தானாகவே ஒரு வடிவம் வந்துவிடும், கொண்டை இலையும் இலவசம். காரட் பூவைச் சில்லென்ற தண்ணீரில் போட்டால் தண்ணீரை உறிஞ்சி விறைத்து இதழ் விரியும், பிள்ளைகளுக்கு இது மாயாஜாலம். பீட்ரூட்டை மட்டும் சேர்க்காதீர்கள். பக்கத்தில் இருந்த பப்பாளிப் பூவெல்லாம் சிவப்புச் சாயம் ஏறியது. ஆத்தங்குடிக் கல்லில் சொட்டிய இரண்டு சொட்டு இன்னும் போகவில்லை. சிமெண்ட்டில் செய்த கல், சாயத்தை இழுத்துக்கொள்கிறது. ஆப்பிள், கொய்யா வைத்தால் எலுமிச்சைச் சாறு தடவ வேண்டும், இல்லாவிட்டால் கறுக்கும்.

கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்லாந்துக் கத்தி என்று விற்கிறார்கள், விரல் நீளத்துக்கு மெல்லிய அலகு, ஊசி முனை. பேனா பிடிக்கிற மாதிரி பிடித்து, மோதிர விரலைப் பழத்தின் மேல் ஊன்றிக்கொள்ள வேண்டும். இதழ் வேலைக்கு அது ஒன்று இருந்தால் போதும், மற்றதற்கு அடுக்களைச் சின்னக் கத்தியே தாராளம். பதினைந்து கருவி உள்ள பெட்டி வாங்கினோம், மூன்றைத்தான் தொட்டோம். பழம் செதுக்குவதைச் சியாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், அரண்மனைப் பெண்கள் ஒரு கலையாகவே பயின்றார்கள். நம் ஐயாக்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சைகோனுக்கும் போய்த் தேக்கு மரத்தையும் மங்கு (பீங்கான்) சாமானையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், பக்கத்து நாட்டு இந்த வேலையை மட்டும் விட்டுவிட்டார்கள். அது இத்தனை வருஷம் கழித்து கேட்டரிங்காரர் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தக் கேட்டரிங்காரரிடமே விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். ஐந்நூறு பேர் வருகிற வரவேற்பு என்றால் விட்டுவிடுங்கள். அவர்கள் கை சுத்தம், நேரம் சுத்தம், நாம் பத்து நாள் ஒத்திகை பார்த்தாலும் அந்த மெருகு வராது. நூறு பேருக்குள் உறவு மட்டும் கூடுகிற விசேஷத்துக்கு, வெளியாள் செதுக்கியதை யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் செய்த கோணல் குருவியைத்தான் பத்துப் பேர் போட்டோ எடுத்தார்கள்.

கடைசியில் நாங்கள் வைத்தது இப்படி. பந்தலுக்குக் கட்டிய வாழைமரத்தில் மிஞ்சிய அடித்துண்டு ஒரு முழம். அதைப் பெரிய மங்குத் தாம்பாளத்தில் நிறுத்தி, சுற்றிலும் பப்பாளிப் பூவையும் இலையையும் குத்தினோம். பல் குத்தும் குச்சி வேண்டாம், உடைந்து உள்ளேயே நின்றுவிடும், யாராவது கடித்தால் வம்பு. ஈர்க்குச்சியால் குத்துங்கள், அது நீளமாக வெளியே தெரியும். தாம்பாளத்துக்குப் பக்கத்தில் மருமகன் கீறிய தர்பூசணி, வெட்டாத முழுப் பழமாகவே. மூன்று பழத்தில் எது என்று கேட்டால், நாலு கையாவது உட்கார்கிற வீட்டுக்கு நான் பப்பாளியைத்தான் சொல்வேன். பொறுமையுள்ள ஒரே ஆள் செய்வதானால் தர்பூசணி. முந்தின நாளே முடித்து வெளியிலேயே வைத்தாக வேண்டும், கைப்பலமும் இருக்கிறது என்றால் பரங்கி.

நேரக் கணக்கு முக்கியம். வெட்டிய பழத்தை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்துத் தின்னக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் போனால் 1 மணி நேரம்தான் என்பது பொதுவான சுகாதாரக் கணக்கு. வைகாசியில் நம் ஊரில் 32 டிகிரி விடிந்த கொஞ்ச நேரத்திலேயே தாண்டிவிடும். அதனால் அலங்காரத்தில் வைத்ததைத் தின்னக் கொடுக்காதீர்கள், தின்பதற்குத் தனியாக வெட்டிக் குளிரில் வையுங்கள். நாங்கள் முந்தின ராத்திரி செதுக்கிய பூக்களை ஈரத்துணி சுற்றி பிரிட்ஜில் வைத்து, காலையில் விருந்தாள் வருகிற நேரத்துக்குத்தான் குத்தினோம். பப்பாளிப் பூவென்பதால் நாலு டப்பாவில் அடங்கியது. அண்ணனின் தர்பூசணியாக இருந்திருந்தால் பிரிட்ஜின் தட்டு அத்தனையையும் கழற்ற வேண்டியிருந்திருக்கும். ஒத்திகையன்று கழற்றினோம், இன்னும் ஒரு தட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சீவிப் போட்ட பப்பாளித் துண்டெல்லாம் உடனே குளிரில் வைத்திருந்ததால் மறுநாள் கூட்டாகிவிட்டது. அச்சில் வெட்டிய நட்சத்திரங்களையும் அதிலேயே போட்டோம். இலையில் தன் நட்சத்திரம் எது என்று பிள்ளைகளுக்குள் அடுத்த சண்டை.