எஸ்கியூலைட்: தேதி வைத்து வடிகட்ட எப்படி?

முதலில் குறை. எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸில் தேதிக்கெனத் தனி டேட்டா டைப் (தரவு வகை) கிடையாது. டெக்ஸ்ட், எண் எதுவாகப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். '31-03-2024' என்று நம்மூர் வழக்கப்படி சேமித்தாலும் முனகாது. ஆனால் ஒப்பிடுவது எழுத்து எழுத்தாக என்பதால், '05-12-2023' என்பது '28-01-2023'-க்கு முன்னால் வந்து நிற்கும். ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், மாதமும் நாளும் இரண்டிரண்டு இலக்கமாக இருந்தால் எல்லாம் சரி.

அதிகம் பேர் விழும் குழி, 'இதிலிருந்து இதுவரை' என்று வடிகட்டும் பிட்வீன் (BETWEEN). '2024-03-01' முதல் '2024-03-31' வரை என்று கேட்டால், 31ஆம் தேதி காலை 10:15-க்குப் பதிவானது வராது. '2024-03-31 10:15:00' '2024-03-31'-ஐவிட நீளமான டெக்ஸ்ட், அதனால் பெரியது. மார்ச் 1-க்குச் சமம் அல்லது பெரியது, ஏப்ரல் 1-ஐவிடச் சிறியது என்று எழுதுங்கள். தேதி இருக்கும் நெடுவரிசையை (column) டேட் ஃபங்ஷனுக்குள் பொதிந்தால், தேடலை வேகமாக்கும் அதன் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. மேலே சொன்ன ஒப்பீடாக எழுதினால் பயன்படும்.

இப்போதைய நேரத்தைக் கேட்கும் 'நவ்' தருவது யூடிசி நேரம், அதாவது இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம். இந்தியாவில் நள்ளிரவு முதல் காலை 5:30 வரை 'இன்று' என்று கேட்டால் நேற்றைய தேதிதான் வரும். 'லோக்கல்டைம்' சேர்த்தால் தீரும், சர்வரின் நேர மண்டலம் இந்தியாவாக இருந்தால்.

2024 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 2 வருவது எரிச்சல்தான். எஸ்கியூலைட்டின் 3.46 பதிப்பில் வந்த 'ஃப்ளோர்' என்ற குறிப்பைச் சேர்த்தால் அது அதைப் பிப்ரவரி 29-இல் நிறுத்துகிறது. சின்னச் செயலிகளுக்கு எஸ்கியூலைட்டைத் தாராளமாக எடுக்கலாம். பல நேர மண்டலங்களில் பயனர்கள் இருந்தால் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸ் பக்கம் போங்கள்.