கோவை – சென்னை: விமானமா, வந்தே பாரத்தா?

அப்பாவின் பரிசோதனைக்காக ஆயிரம் விளக்குப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய்வருகிறோம். முதலில் விமானம், இப்போது வந்தே பாரத். இனியும் ரயில்தான்.

வானத்தில் தூரம் சுமார் 400 கிலோமீட்டர், தண்டவாளத்தில் 495. டிக்கெட்டில் விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், ரயிலுக்கு 5 மணி 50 நிமிடம் என்று இருக்கும். இதைப் பார்த்துத்தான் நானும் முதலில் விமானத்துக்குப் போனேன்.

ஆனால் கணக்கை வீட்டு வாசலில் இருந்து போட வேண்டும். ஆர்.எஸ்.புரம் வீட்டிலிருந்து பீளமேடு விமான நிலையம் போக முக்கால் மணி. பெட்டி போடும் கவுன்ட்டரை 60 நிமிடம் முன்பே மூடிவிடுவதால், ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய் நிற்கிறோம். பறப்பது ஒன்றேகால். மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டி வர அரை மணி, பிறகு மெட்ரோவுக்கு நடை, ஆயிரம் விளக்கு வரை பயணம் என்று இன்னொரு முக்கால். ஆக, நாலே முக்கால் மணி நேரம். ரயிலில் எல்லாம் சேர்த்து ஆறே முக்கால். மிச்சமாவது இரண்டு மணி நேரம்தான்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு அப்பாவின் முழங்கால்தான் விலை. பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை, ஏறுவதற்கு ஒரு வரிசை, சில நாள் பஸ்ஸில் ஏற்றி விமானத்தடியில் இறக்கிப் படிக்கட்டு. சக்கர நாற்காலி கேட்டால் கொடுப்பார்கள், அவர் உட்கார மாட்டேன் என்கிறார். காலை 6 மணிக்குக் கோவை ஜங்ஷனில் உட்கார்ந்தால், சேலம், ஈரோடு என்று எது வந்தாலும் 11.50க்கு சென்ட்ரல் வரை எழ வேண்டியதில்லை. கழிப்பறை நாலு எட்டில். சென்ட்ரலில் இருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் ஆயிரம் விளக்கு. "கண்ணு, இதுலயே போயிரலாம்" என்று இரண்டாம் முறையே சொல்லிவிட்டார்.

கட்டணத்தில் பெரிய யோசனை இல்லை. ரயிலில் சேர் கார் ஆயிரத்துச் சொச்சம். விமானத்தில் முன்கூட்டிப் போட்டால் கொஞ்சம் கிட்டே வரும், அவசரத்துக்கு எடுத்தால் எங்கேயோ போய்விடும்.

போன அன்றே திரும்ப வேண்டுமென்றால் மட்டும் விமானம். வந்தே பாரத் மதியம் 2.25க்கே சென்னையை விட்டுக் கிளம்பிவிடும். இரண்டரை மணி நேரத்தில் டாக்டரைப் பார்த்து முடிக்க முடியாது. வாரத்தில் ஒருநாள் ஓடுவதுமில்லை, தேதி பார்த்தே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். நாங்கள் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் மதியம் ஏறுகிறோம், 8.15க்குக் கோவை.

ராத்திரி ரயிலான சேரனில் அப்பாவோடு ஒரே ஒரு தடவைதான் போனேன். கீழ் பெர்த் கிடைத்ததால் நன்றாகத் தூங்கினார். மேல் பெர்த் விழுந்திருந்தால் என் அபிப்பிராயமே வேறாக இருந்திருக்கலாம்.

நீங்கள் தனியாள், கையில் ஒரே ஒரு பை என்றால் பெட்டிக்காக நிற்கும் நேரம் அத்தனையும் மிச்சம். அப்போது விமானம் மூன்று மணி நேரம் வரை முந்தும்.