வைரஸ் வதந்தியைச் சோதிக்க வைரஸ்டோட்டல் போதுமா?

ஒரு கணினி வைரஸ் எச்சரிக்கையைப் பத்துப் பேருக்கு அனுப்புவதற்கு முன் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வைரஸ்டோட்டல் நல்ல சேவைதான். ஆனால், எந்தக் கேள்விக்கு அது விடை தருகிறது என்பதை அறிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். 2004இல் ஸ்பெயினில் தொடங்கி, 2012இல் கூகுளின் வசம் வந்த இத்தளம், நாம் பதிவேற்றும் கோப்பை 70-க்கும் மேற்பட்ட வைரஸ் தடுப்பு நிரல்களைக் கொண்டு கட்டணமின்றிச் சோதித்துத் தருகிறது.

சிக்கல் என்னவென்றால், வதந்தி எழுதுபவர்கள் இந்தச் சோதனைக்கும் முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறார்கள். 2002இல் பரவிய கரடிப் பொம்மைப் புரளி, அப்பொம்மையின் படத்தைச் சின்னமாகக் கொண்ட ஒரு விண்டோஸ் கோப்பை வைரஸ் என்றது. வைரஸ் தடுப்பு நிரல்களான நார்ட்டனும் மெக்காஃபியும் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்றும், 14 நாட்கள் உறங்கிக் கிடந்து பிறகு தாக்கும் என்றும் அச்சுறுத்தியது. தேடியவர்களின் கணினியில் அக்கோப்பு இருந்தது. மைக்ரோசாஃப்டே வைத்த கோப்பு இல்லாமல் எங்கே போகும்? ஜாவா நிரல்களின் பிழைகளைக் கண்டறிய உதவும் அதைப் பலர் அழித்துவிட்டு, செய்தி கேட்டுக்கொண்டபடியே தம் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோரையும் எச்சரித்தார்கள்.

இத்தகைய கோப்பை வைரஸ்டோட்டலில் ஏற்றி, 'எந்த நிரலும் எதையும் கண்டுபிடிக்கவில்லை' என்ற முடிவு வந்தால், நம்பியவருக்கு அதுவே வதந்திக்குச் சான்றாகத் தோன்றக்கூடும். ஆகவே பச்சை நிறத்தைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், விவரங்கள் பகுதியையும் திறந்து பார்க்க வேண்டும். அக்கோப்பு முதன்முதலில் எப்போது சோதனைக்கு வந்தது என்பதும், மின்னொப்பம் (வெளியிட்டவரை உறுதிப்படுத்தும் டிஜிட்டல் கையெழுத்து) இருந்தால் அது யாருடையது என்பதும் அங்கே கிடைக்கும். பல ஆண்டுகளாக உலவும், மைக்ரோசாஃப்ட் ஒப்பமிட்ட கோப்பை 'நேற்று வெளியான வைரஸ்' என்று எவரும் சொல்ல முடியாது. என் கணிப்பில், இச்சேவையின் உண்மையான மதிப்பு இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

குறைகளும் உண்டு. அதிகம் அறியப்படாத ஓரிரு நிரல்கள் மட்டும் சிவப்புக் கொடி காட்டினால், அது பெரும்பாலும் தவறான எச்சரிக்கையாகவே இருக்கும். பதிவேற்றும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படுவதால், சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றவே கூடாது.

கோப்பே இல்லாத வதந்திகளுக்கு முன்னால் வைரஸ்டோட்டல் கையைப் பிசைந்து நிற்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றிய 'மார்ட்டினெல்லி' செய்தி, நாளை வரப்போகும் ஒரு காணொளியைத் திறந்தால் கைபேசி பறிபோகும் என்றது. அப்படியொரு காணொளி இல்லாததால் சோதிக்கவும் எதுவும் இருக்கவில்லை. இத்தகைய செய்திகளுக்கு, அவற்றில் வரும் பெயரை ஸ்னோப்ஸ் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்களில் தேடுவதே வழி.