வீடியோ போக்கர் பயிற்சி: 3 வருடம், 62,000 கை

3 வருடமாக என் போனில் ஒரு வீடியோ போக்கர் பயிற்சிச் செயலி கிடக்கிறது. காசு வைத்து ஆடுவது கிடையாது, வெறும் கிரெடிட்தான். தினமும் கால் மணி நேரம், ஐம்பது அறுபது கை. சில நாள் அதுவும் இருக்காது. போன வாரம் கணக்குப் பக்கத்தைத் திறந்தால் 62,000 கையைத் தாண்டியிருந்தது. மொத்தத்தில் 4,900 கிரெடிட் நட்டத்தில் நிற்கிறேன். ஆரம்பத்தில் இந்த எண்ணைப் பார்த்திருந்தால் செயலியை அழித்திருப்பேன். இப்போது பார்க்கும்போது, ஆமாம், ஏறக்குறைய இவ்வளவு போயிருக்க வேண்டியதுதான் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்ற வைத்ததைத்தான் இந்தச் செயலியால் எனக்குக் கிடைத்த லாபம் என்பேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 52 சீட்டுக் கட்டிலிருந்து 5 சீட்டு விழும். அதை டீல் என்கிறார்கள். வேண்டியதை வைத்துக்கொள்வது ஹோல்ட். மற்றதைக் கொடுத்துவிட்டுப் புதுச் சீட்டு வாங்குவது டிரா. ஒரே ஒரு டிராதான், அதோடு கை முடிந்தது. எதிரில் ஆள் இல்லை, ஏமாற்றுவதற்கும் யாரும் இல்லை. கையில் கடைசியாக நிற்பது என்னவோ, அதற்குப் பரிசுப் பட்டியலில் போட்டிருக்கும் கிரெடிட் ஏறும். 1979-இல் சை ரெட் என்பவரின் நிறுவனம் கொண்டுவந்த டிரா போக்கர் இயந்திரம்தான் இதைப் பரவலாக்கியது. அந்த நிறுவனம்தான் பின்னால் ஐ.ஜி.டி. (இன்டர்நேஷனல் கேம் டெக்னாலஜி) ஆனது. திரையும் பொத்தானும் மாறியிருக்கின்றன, உள்ளே ஆட்டம் அதேதான்.

நான் ஆடுவது ஜாக்ஸ் ஆர் பெட்டர். ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் இவற்றில் ஒரு ஜோடியாவது இருந்தால்தான் பரிசு. பத்தில் ஜோடி வந்தாலும் ஒன்றும் கிடையாது.

முதல் இரண்டு மாதம் இந்த ஜோடி விஷயத்திலேயே நான் ஏமாந்துகொண்டிருந்தேன். ராணி ஜோடி வந்தால் திரையில் வெற்றி என்று மின்னும், மணி அடிக்கும். 5 கிரெடிட் ஏறும். ஆனால் கட்டியதும் 5 கிரெடிட்தானே? பட்டியலில் '1' என்று போட்டிருப்பது நாம் கட்டியதையும் சேர்த்துத்தான். நம் பணத்தை நமக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு மணியும் அடிக்கிறது. சரியாக ஆடினால் நூறு கையில் 45-க்குச் சற்று மேல் ஏதாவது பரிசு வரும். அதில் இருபத்தொன்றுக்கு மேல் இப்படிக் கட்டியது திரும்பி வருவது மட்டும். உண்மையில் கூடுதலாகக் கைக்கு வருவது நூற்றுக்கு 24 கைதான். பாதிக்குப் பாதி ஜெயிக்கிறோம் என்ற நினைப்பெல்லாம் அந்த மணிச் சத்தம் செய்யும் வேலை. இன்று வரை சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறேன்.

அப்புறம் பரிசுப் பட்டியல். இதைப் படிக்கக் கற்றுக்கொண்ட நாளை இந்த 3 வருடத்தின் முக்கியமான நாள் என்றே சொல்லலாம். ஒரே பெயரில், ஒரே நிறத்தில், ஒரே சத்தத்தில் இருக்கும் இரண்டு ஆட்டங்கள் ஒன்றல்ல. ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒன்றுபோல், கூடவே ஒரு ஜோடி) வரியையும் ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்) வரியையும் மட்டும் பார்க்க வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு 9, 6 என்று இருந்தால் அது '9/6', முழுப் பட்டியல். பிழையில்லாமல் ஆடினால் கட்டிய நூறில் 99.54 திரும்பும். 8/5 என்றால் 97.30. 6/5 என்றால் 95. மற்ற வரிகளில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

ஏன் இந்த இரண்டு வரி? ஃபுல் ஹவுஸ் ஏறக்குறைய 87 கைக்கு ஒன்று, ஃப்ளஷ் 91 கைக்கு ஒன்று. ஆகவே எந்த வரியில் ஒரு கிரெடிட் குறைத்தாலும் மொத்த வரவில் சுமார் 1.1 சதவீதம் கழன்றுவிடும். ராயல் ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் 10 முதல் ஏஸ் வரை வரும் ஆகப் பெரிய கை, அதன் பரிசில் கைவைத்தால் உடனே கண்ணில் படும். 9-ஐ 8 ஆக்கினால் யார் பார்க்கப் போகிறார்கள்? மணிக்கு 600 கை, கைக்கு 5 கிரெடிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9/6-இல் மணிக்குச் சராசரியாக 14 கிரெடிட் போகும். 6/5-இல் 150.

இவ்வளவு பேசுகிற நானே மாட்டிக்கொண்ட கதையையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடம் ஒரு அப்டேட் வந்தது. புதுத் தோற்றம், பெரிய சீட்டுகள், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் டைமண்டில் ஃப்ளஷ் விழுந்தது. 30 கிரெடிட் ஏற வேண்டும், 25 ஏறியது. பட்டியலைத் திறந்து பார்த்தால் 8/5. அப்டேட்டில் செயலி சத்தமில்லாமல் பட்டியலை மாற்றியிருக்கிறது. அந்த மூன்று வாரத்தில் சுமார் 1,200 கை ஆடியிருப்பேன், பன்னிரண்டு பதின்மூன்று ஃப்ளஷாவது வந்திருக்கும். ஒன்றில்கூட நான் எண்ணைப் பார்க்கவில்லை. அமைப்பில் போய் 9/6-க்குத் திருப்பிவிட்டேன். ஆனாலும் ஒரு வரி அறிவிப்பு போட்டிருக்கலாம். இந்தச் செயலி மேல் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இதுதான். பயிற்சிக்கென்று இருப்பதே இப்படிச் செய்தால் எப்படி?

சரி, ஆட்டத்துக்கு வருவோம். எனக்குச் சின்ன வயதிலிருந்து ரம்மிப் பழக்கம். வரிசை சேர்ந்தால் கை தானாக அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் இங்கே காலை வாரியது. ஒரு கை: கிளாவர் 5, ஹார்ட் 5, ஸ்பேட் 6, டைமண்ட் 7, ஹார்ட் 8. ரம்மிக் கண்ணுக்கு 5-6-7-8 தெரியும், இரண்டாவது 5 குப்பை. 4 வந்தாலும் 9 வந்தாலும் ஸ்ட்ரெய்ட், அதாவது ஐந்து சீட்டு வரிசை. யோசிக்காமல் ஒரு 5-ஐப் போட்டேன். செயலி சிவப்பில் 'பிழை' என்று காட்டியது. செயலிக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன்.

அன்று இரவு ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். கையில் 5 சீட்டு போக மீதி 47. ஸ்ட்ரெய்ட்டுக்கு உதவுவது நான்கு 4-ம் நான்கு 9-ம், ஆக 8. பரிசு 4 மடங்கு. 8 பெருக்கல் 4, வகுத்தல் 47: 0.68. அதாவது கட்டிய ஒரு கிரெடிட்டுக்குச் சராசரியாக 0.68 திரும்பும். இப்போது 5 ஜோடியை வைத்துக்கொண்டு 3 சீட்டு வாங்கினால் 16,215 விதமாக விழலாம். அதில் 2,592 இரட்டை ஜோடி, 1,854 மூன்று 5, 165 ஃபுல் ஹவுஸ், 45 நான்கு 5. முறையே 2, 3, 9, 25 மடங்கால் பெருக்கிக் கூட்டி 16,215-ஆல் வகுத்தால் 0.82. ஒன்றுக்கும் ஆகாது என்று நினைத்த சின்ன ஜோடி, அழகான வரிசையைவிட நல்ல கை. இதை ஒருவர் வாயால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கூட்டிப் பார்த்த பிறகு மறக்கவும் முடியவில்லை.

ஆனால் அதே சின்ன ஜோடியோடு ஒரே இனத்தில் நான்கு சீட்டு இருந்தால் ஜோடியை உடைத்துவிட வேண்டும். மீதியிருக்கும் 9 சீட்டில் ஒன்று வந்தால் 6 மடங்கு, சராசரி 1.15. ஜாக்கி ஜோடியாக இருந்தால் மறுபடி தலைகீழ். அதன் மதிப்பு 1.54, ஆகவே நான்கு ஃப்ளஷ் சீட்டை விட்டுவிட்டு ஜோடியைப் பிடிக்க வேண்டும். நடுவில் ஓட்டை உள்ள வரிசை, உதாரணமாக 5-6-8-9, 47-க்கு 4 வாய்ப்புதான். 0.34. அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைவிட ஐந்தையும் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்குவதே மேல். ஜோடியோடு துணைக்கு ஒரு ஏஸை வைத்துக்கொள்வதும் வீண். மூன்றாவது சீட்டு வரும் வழியை நாமே அடைத்துக்கொள்கிறோம்.

இதெல்லாம் பழகிவிட்டது. முதல் மாதம் நூறு கைக்கு ஏழு பிழை செய்தேன், இப்போது சில நூறு கைக்கு ஒன்று. இன்னும் விரல் தயங்கும் இடம் ஒன்றே ஒன்று. ஹார்ட்டில் ராஜா, ராணி, ஜாக்கி, 10, கூடவே ஹார்ட் 3. ஃப்ளஷ் ஏற்கெனவே கையில் விழுந்துவிட்டது, 30 கிரெடிட் உறுதி. கணக்கு என்ன சொல்கிறது? 3-ஐப் போடு, ஏஸைத் தேடு. 47-இல் ஒரு வாய்ப்பு, ஆனால் பரிசு 800 மடங்கு. அது ஒன்று மட்டுமே சராசரியில் 17-ஐக் கொடுக்கிறது, ஃப்ளஷ்ஷின் மதிப்போ 6. சரிதான். ஆனால் நாற்பத்தேழில் நாற்பத்தாறு தடவை அந்த ஏஸ் வராது என்பதும் சரிதான். இந்த மாதிரிக் கை எனக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை பயந்து ஃப்ளஷ்ஷை எடுத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை தைரியமாக 3-ஐப் போட்டேன், கிளாவர் 6 வந்தது.

ராயல் ஃப்ளஷ் பற்றி இன்னும் கொஞ்சம். 800 மடங்கு என்பது 5 கிரெடிட் கட்டினால்தான். 5 கட்டினால் 4,000. ஒன்று முதல் நான்கு வரை கட்டினால் கிரெடிட்டுக்கு 250 மட்டும். ஐந்தாவது கிரெடிட்டில்தான் எல்லாம் இருக்கிறது. குறைத்துக் கட்டினால் பிழையில்லாமல் ஆடினாலும் 1 சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

இது 9/6-இல் சராசரியாக 40,391 கைக்கு ஒரு தடவை வரும். அந்த 99.54-இல் கிட்டத்தட்ட 2 சதவீதப் புள்ளி இந்த ஒரு கையிலிருந்து மட்டுமே வருகிறது. அதாவது ராயல் வராத வரை நாம் ஆடிக்கொண்டிருப்பது 97.5 சதவீத ஆட்டம். 99.54 என்று படித்துவிட்டு உட்கார்ந்தவருக்கு ஏன் கிரெடிட் வழுக்கிக்கொண்டே போகிறது என்பதற்கு இதுதான் பதில். எனக்கும் 51,000-ஐத் தாண்டும் வரை வரவில்லை. 7,300 கிரெடிட் கீழே போயிருந்தேன். நாற்பதாயிரம் தாண்டியதும் இன்று வரும், நாளை வரும் என்று மனம் அடித்துக்கொண்டது. கட்டுக்கு என் கணக்கு தெரியுமா என்ன? 40,391 கை ஆடியவர்களில் நூற்றுக்கு 37 பேர் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் போல இரண்டு மடங்கு ஆடினாலும் நூற்றுக்கு 13 பேருக்கு வந்திருக்காது.

வந்த விதம் சப்பென்று இருந்தது. ஸ்பேடில் ஏஸ், ராணி, 10 வைத்துக்கொண்டு இரண்டு சீட்டு வாங்கினேன். சத்தம் அணைத்திருந்ததால் மணிகூட அடிக்கவில்லை. எண் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான்கு ஒன்றுபோல் வருவது 423 கைக்கு ஒன்று. எனக்கு 62,000-இல் 147 வர வேண்டும், 151 வந்திருக்கிறது. ராயல் மட்டும் ஒன்றரை வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான். இவ்வளவு கைக்கு 5,500 கிரெடிட் மேலேயோ கீழேயோ ஆடுவது சகஜம். ஆகவே என் 4,900-ஐ வைத்துச் செயலி நியாயமாகக் குலுக்குகிறதா என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் நெவாடா மாநில விதிப்படி, சீட்டைக் காட்டும் சூதாட்ட இயந்திரத்தில் உண்மையான கட்டில் உள்ள வாய்ப்பேதான் இருக்க வேண்டும். போன் செயலிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் செயலியின் குலுக்கலை நம்புவதைவிட, அது பிழை என்று காட்டும் இடங்களைக் கூட்டிப் பார்ப்பதில்தான் எனக்குப் பயன் இருந்தது.

செயலியில் இன்னொரு குறை: பிழையைக் காட்டும், மதிப்பு என்ன என்று காட்டாது. தாளும் பேனாவும் நம் பொறுப்பு. பேட்டரியைத் தின்னாது, இணையம் இல்லாமலும் ஓடும். அது போதும்.

இப்போது டியூசஸ் வைல்ட் பக்கம் போயிருக்கிறேன். நான்கு 2-ம் ஜோக்கர். பரிசு மூன்று ஒன்றுபோல் வந்தால்தான் தொடங்கும். முழுப் பட்டியலில் பிழையில்லாமல் ஆடினால் 100.76 சதவீதம், ஆனால் ஜாக்ஸ் ஆர் பெட்டரில் படித்த பாதியை மறக்க வேண்டும். நேற்று ராணி ஜோடியைப் பார்த்த சந்தோஷத்தில், பழக்க தோஷம், பக்கத்திலிருந்த ஸ்பேட் 2-ஐத் தூக்கிப் போட்டுவிட்டேன்.